தமிழ்நாட்டின் மறக்கப்பட்ட வளைதடிப் பந்தாட்ட வீரர்கள்

ஹாக்கி என்று பரவலாக வழங்கும் வளைதடிப் பந்தாட்டத்தில், தமிழ்நாட்டிலிருந்து இந்திய அணிக்கும் சென்னையின் பெயரைத் தாங்கிய தொழில்முறை அணிகளுக்கும் விளையாடியவர்களுள் பலர் இன்று பொதுமக்களின் நினைவில் இல்லை. இவர்களுள் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றவரும் உண்டு. ஓரிரு பருவங்கள் ஆடிவிட்டு அலுவலக மேசைக்குத் திரும்பியவர்களும் உண்டு. அச்சிட்ட பதிவுகள் குறைவு என்பதால், இவர்களுடைய பெயர்களைப் பெரிதும் காத்து வருவோர் சென்னை எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கிலும் மாவட்டத் திடல்களிலும் கூடும் பழைய ரசிகர்களே ஆவர். அவ்வீரர்களுள் சிலரைப் பற்றியும், அவர்கள் மறக்கப்பட்டதற்கான காரணங்களைப் பற்றியும், ரசிகர்களின் நினைவு எவ்வாறு ஒரு பதிவேடு போலச் செயல்படுகிறது என்பதைப் பற்றியும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

துடுப்பாட்டத்தில் ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு. ஓர் ஆட்டக்காரர் ஒரே ஒரு போட்டியில் ஆடியிருந்தாலும், அவர் எடுத்த ஓட்டங்களும் வீசிய பந்துகளும் நிலைத்த பதிவாகிவிடுகின்றன. வளைதடிப் பந்தாட்டத்தின் பழைய பதிவுகள் அவ்வாறு அமையவில்லை. ஆட்டத்தின் முடிவில் நாளிதழ்களில் வெளிவந்தவை பெரும்பாலும் இரண்டே செய்திகள்: எத்தனை கோல்கள், அவற்றை அடித்தவர் யார். பந்தைத் தடுத்தவர், பறித்தவர், கோல் அடித்தவருக்குப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஆகியோர் அந்தக் கணக்கில் வருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து இந்திய அணிக்குச் சென்றவர்களுள் கோல் காப்பாளர்களும் நடுக்கள வீரர்களும் கணிசமாக இருந்தனர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இன்னொரு காரணம் தொழில் சார்ந்தது. வளைதடிப் பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழும் நிலை இந்தியாவில் நெடுங்காலம் இல்லை. விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஒரு நிறுவனத்தில் வேலை பெறுவதும், அந்த நிறுவனத்தின் அணிக்கு ஆடுவதுமே நடைமுறை. இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்), தென்னக இரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தமிழ்நாடு காவல்துறை, வருமான வரித்துறை முதலியவற்றின் அணிகள் சென்னை வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டவை. ஆட்ட வயது முடிந்ததும் அந்த வீரர் எழுத்தராகவோ மேற்பார்வையாளராகவோ காவல் அதிகாரியாகவோ ஓய்வு பெறும் வரை பணியைத் தொடர்வார். வாழ்க்கைக்கு இது பெரும் பாதுகாப்பு; புகழுக்கு அவ்வளவாக உதவவில்லை. பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவர் நாட்டுக்காக ஆடியவர் என்பது உடன் பணிபுரிவோருக்கே தெரியாமல் போவது இத்தகைய ஏற்பாட்டில் எளிதில் நிகழக்கூடியதே.

ரங்கநாதன் பிரான்சிஸ்

மறக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் முதலில் எடுக்கும் பெயர் ரங்கநாதன் பிரான்சிஸ் என்பதாகும். 1920-ஆம் ஆண்டு பிறந்த இவர் கோல் காப்பாளர். சென்னையில் காவல்துறையில் பணியாற்றியவர். 1948 இலண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். 1975-இல் காலமானார்.

இந்திய வளைதடிப் பந்தாட்ட வரலாற்றில் மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்றவர்கள் மொத்தம் ஏழு பேர். தியான் சந்த், ரிச்சர்ட் ஆலன், பல்பீர் சிங், லெஸ்லி கிளாடியஸ், உதம் சிங், ரண்தீர் சிங் ஜென்டில் ஆகியோருடன் ஏழாமவராக நிற்பவர் பிரான்சிஸ். தியான் சந்தின் பிறந்தநாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. பல்பீர் சிங்கின் கோல்கள் பாடநூல்கள் வரை வந்துவிட்டன. பிரான்சிஸ் வாழ்ந்த சென்னையிலோ, அவர் பெயரைக் கேட்டவுடன் அடையாளம் காண்போர் மிகச் சிலரே.

அவர் அணியில் இருந்த மூன்று ஒலிம்பிக் போட்டிகளின் கணக்கைப் பார்த்தால் இந்த மறதியின் இயல்பு புலப்படும். 1948-இல் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 25 கோல்கள் அடித்து, இரண்டு கோல்கள் மட்டுமே வாங்கியது. ஆகஸ்ட் 12 அன்று வெம்பிளி அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிரித்தானியாவை 4-0 என வென்றது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 1952-இல் மூன்று ஆட்டங்களில் 13 கோல்கள் அடித்து, மீண்டும் இரண்டையே வாங்கியது. நெதர்லாந்துக்கு எதிரான இறுதி ஆட்டம் 6-1 என முடிந்தது. அதில் ஐந்து கோல்கள் பல்பீர் சிங் அடித்தவை. 1956-இல் ஐந்து ஆட்டங்களில் 38 கோல்கள் அடித்த இந்தியா ஒரு கோல் கூட வாங்கவில்லை. மூன்று போட்டிகளையும் சேர்த்தால் 13 ஆட்டங்கள், அடித்தவை 76, வாங்கியவை நான்கு.

அடித்த 76 கோல்களுக்கும் உரியவர்கள் யார் என்று பட்டியல் இருக்கிறது. வாங்காமல் தடுத்தவற்றுக்குப் பட்டியல் இல்லை. 1948-இல் லியோ பின்டோவும், 1956-இல் சங்கர் லட்சுமணனும் காப்பாளர் பொறுப்பைப் பிரான்சிஸுடன் பகிர்ந்துகொண்டனர். மூன்று அணிகளிலும் இடம்பெற்ற காப்பாளர் பிரான்சிஸ் ஒருவரே. அக்காலத்தில் ஆட்டத்தின் நடுவே மாற்று வீரரை இறக்க விதிகள் இடந்தரவில்லை. ஆகவே இரண்டு காப்பாளர்கள் உள்ள அணியில் ஒருவர் ஆடும் நாளில் மற்றவர் ஆடுகளத்துக்கு வெளியே அமர்ந்திருக்க வேண்டியதே. இறுதி ஆட்டத்தின் ஒளிப்படத்தில் இல்லாதவர் கதையிலும் இல்லாமல் போவதற்கு இது போதுமானதாக இருந்தது. எதிரணியினர் அரிதாகவே நெருங்கி வந்த கோல் கம்பத்தின் முன் நின்றவர் என்பதும் அவருக்கு எதிராகவே அமைந்தது எனலாம். திறமையான முன்கள வீரர்கள் ஒரு காப்பாளரை வேலையற்றவர் போல் தோன்றச் செய்துவிடுகின்றனர்.

பெயர்களும் தலைப்பெழுத்துகளும்

தமிழர்களின் பெயரிடும் முறையும் இவ்வீரர்கள் மறைந்துபோனதற்கு ஒரு காரணமாகும். இது சிறிய செய்தி போல் தோன்றினாலும், பழைய பதிவுகளைத் தேடும் மாணவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுவே. தமிழ்நாட்டில் தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கும். இட்ட பெயரே பெயர். பன்னாட்டுப் பதிவேடுகளோ ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயரை எதிர்பார்க்கின்றன. இதனால் ஒரே வீரர் இரண்டு மூன்று வடிவங்களில் பதிவாகிறார். தேடுபவர் ஒன்றைக் கண்டு மற்றவற்றைத் தவறவிடுகிறார்.

இதற்குப் பெருமாள் என்னும் பெயர் நல்ல எடுத்துக்காட்டு. 1952, 1956 ஆகிய ஆண்டுகளில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இருந்தவர் கோவிந்த் பெருமாள். 1968 மெக்சிகோ, 1972 மியூனிக் ஆகிய இரண்டிலும் வெண்கலம் வென்ற அணிகளில் இருந்தவர் கிருஷ்ணமூர்த்தி பெருமாள். பின்னவர் சென்னையைச் சேர்ந்த நடுக்கள வீரர். 1971-ஆம் ஆண்டுக்கான அருச்சுனா விருது பெற்றவர். இருவரும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு தலைமுறையினர். எனினும் 'பெருமாள்' என்று மட்டும் அச்சான அணிப் பட்டியலைப் பார்ப்பவர் இருவரையும் ஒருவராக எண்ணிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அவ்வாறு எண்ணினால் ஒருவருடைய பதக்கங்கள் மற்றவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆடிய தி. திருமால்வளவனின் பெயர் ஆங்கிலப் பட்டியல்களில் சில இடங்களில் ஒரே சொல்லாகவும், சில இடங்களில் 'திருமால்', 'வளவன்' என இரண்டாகப் பிளந்தும் காணப்படுகிறது. வி. ஜே. பீட்டர் என்று சென்னையில் அறியப்பட்டவர் ஒலிம்பிக் பதிவுகளில் விக்டர் ஜான் பீட்டர். இன்றைய வீரர்களிடமும் இந்தச் சிக்கல் தொடர்கிறது. நாளிதழில் எஸ். கார்த்தி என்று வருபவரே கார்த்தி செல்வம் என்றும் செல்வம் கார்த்தி என்றும் பதிவாகிறார்.

பீட்டரும் பிலிப்ஸும்

சென்னையைச் சேர்ந்த உடன்பிறப்புகளான வி. ஜே. பீட்டரும் வி. ஜே. பிலிப்ஸும் ரசிகர்களின் பேச்சில் எப்போதும் இணைந்தே வருவர். மூத்தவரான பீட்டர் இராணுவத்தில் பணியாற்றி, சர்வீசஸ் அணிக்காக ஆடியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெள்ளி, 1964 தோக்கியோவில் தங்கம், 1968 மெக்சிகோவில் வெண்கலம் என மூவகைப் பதக்கங்களும் பெற்றவர். இவ்வாறு மூன்றையும் பெற்ற இந்திய வீரர்கள் மிகச் சிலரே.

இந்த மூன்று பதக்கங்களும் இந்திய வளைதடிப் பந்தாட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அப்படியே காட்டுகின்றன. 1928 முதல் தொடர்ந்து தங்கம் வென்று வந்த இந்தியா 1960 இறுதியில் பாக்கித்தானிடம் 0-1 என்று தோற்றது. 1964-இல் அதே பாக்கித்தானை 1-0 என்று வென்று பதக்கத்தை மீட்டது. 1968-இல் இறுதி ஆட்டத்தையே எட்டவில்லை. பீட்டர் மூன்றிலும் இருந்தார். 1964 இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்த மொகிந்தர் லாலின் பெயர் நிலைத்துவிட்டது. அணியின் மற்ற பெயர்களைச் சொல்லச் சொன்னால் தேர்ந்த ரசிகரும் சற்று நிறுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இளையவரான பிலிப்ஸ் வலப்புற முன்கள வீரர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியிலும், 1976 மொன்றியால் ஒலிம்பிக் அணியிலும் ஆடினார். இடையில் 1975-இல் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். ஆடவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது அந்த ஒரு முறைதான். அரையிறுதியில் இந்தியா தோற்கடித்த மலேசிய அணியிலும் தமிழ் வம்சாவளியினர் பலர் இருந்தனர். இறுதியில் பாக்கித்தானை 2-1 என வென்றபோது வெற்றிக் கோலை அடித்தவர் தியான் சந்தின் மகன் அசோக் குமார். தந்தையின் பெயரும் மகனின் கோலும் சேர்ந்து அந்த வெற்றியின் கதையை முழுவதுமாக எடுத்துக்கொண்டன.

மெக்சிகோ அணியில் பீட்டருடன் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோல் காப்பாளர் முனீர் சேட்டும், மேலே குறிப்பிட்ட கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் இருந்தனர். ஒரே ஒலிம்பிக் அணியில் மூன்று தமிழ்நாட்டு வீரர்கள் என்பது இன்று வியப்புக்குரியது. அந்த அணி பெற்றது வெண்கலம் என்பதால், அதுவரை தங்கமும் வெள்ளியும் கண்டு பழகிய நாட்டில் அது தோல்வியாகவே பேசப்பட்டது. தோற்றதாகக் கருதப்பட்ட அணியின் வீரர்களை நினைவில் வைத்திருக்க எவரும் முயலவில்லை. 41 ஆண்டுகள் பதக்கமே இல்லாமல் இருந்து, 2021-இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா மீண்டும் வெண்கலம் வென்றபோது நாடே கொண்டாடியது. பதக்கம் அதே உலோகம்தான்.

நினைவில் நின்றவர்கள்

எல்லோரும் மறக்கப்படவில்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவராக இருந்து, இறுதியில் எசுப்பானியாவை 4-3 என வென்று தங்கம் பெற்றுத் தந்த வாசுதேவன் பாஸ்கரன் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டவர். அணித்தலைமை, பின்னர் பயிற்சியாளர் பொறுப்பு, பத்மசிறீ விருது ஆகியவை அவர் பெயரை நிலைநிறுத்தின. புனேக்கு அருகில் உள்ள கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும் நான்கு உலகக் கோப்பைகளிலும் ஆடியவர். அவருக்கு விளக்கம் தேவையில்லை.

இவர்களுக்கு அடுத்த வரிசையில்தான் மங்கல் தொடங்குகிறது. சென்னையைச் சேர்ந்த முகமது ரியாஸ் 1996 அட்லாண்டா, 2000 சிட்னி ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 32 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற 1998 பாங்காக் அணியிலும் இருந்தார். அருச்சுனா விருதும் பெற்றார். சிட்னியில் அவரும் திருமால்வளவனும் ஒரே அணியில் இருந்தனர். அப்போட்டியில் போலந்துக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியா 1-0 என முன்னணியில் இருந்து, முடியும் தறுவாயில் ஒரு கோல் வாங்கி, அரையிறுதி வாய்ப்பை இழந்தது. அந்த ஒரு கோல் விழாமல் இருந்திருந்தால் இரண்டு சென்னைப் பெயர்களும் இன்று எவ்வளவு தூரம் ஒலித்திருக்கும் என்பது பழைய ரசிகர்கள் இன்றும் விட்டுவிடாத விவாதம்.

சென்னையின் தொழில்முறை அணிகள்

2005-ஆம் ஆண்டு தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக், நகரங்களின் பெயரில் அணிகளை அமைத்து, வெளிநாட்டு வீரர்களையும் சேர்த்து, தொலைக்காட்சியை முன்வைத்து நடத்தப்பட்ட முதல் இந்தியத் தொடராகும். 35 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள் என்றிருந்த ஆட்டத்தை, பதினேழரை நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக இத்தொடர் மாற்றியது. பன்னாட்டுப் போட்டிகள் நான்கு கால்பகுதி முறைக்கு 2014-இல்தான் வந்தன.

இத்தொடரில் சென்னையின் அணி சென்னை வீரன்ஸ். 'வீரன்' என்னும் தமிழ்ச் சொல்லுடன் ஆங்கிலப் பன்மை விகுதியை ஒட்டிய அப்பெயர் மொழி ஆர்வலர்களுக்கு அன்று சற்று உறுத்தியிருக்கலாம். ரசிகர்களுக்கு அது எளிதில் பழகிவிட்டது. முதல் பருவத்தின் ஆட்டங்கள் அனைத்தும் ஐதராபாத்தில் நடைபெற்றன. பட்டத்தையும் ஐதராபாத் சுல்தான்ஸ் அணியே வென்றது. சென்னை ரசிகர்கள் தங்கள் அணியைத் தொலைக்காட்சியில் மட்டுமே காண முடிந்தது. தமிழர் என்று அவர்கள் உரிமை கொண்டாடிய தன்ராஜ் பிள்ளையோ எதிரணியான மராத்தா வாரியர்ஸில் ஆடினார். நான்கு பருவங்களுக்குப் பின் 2008-உடன் அத்தொடர் நின்றுபோனது. சென்னை வீரன்ஸ் ஒருமுறையும் பட்டம் வெல்லவில்லை.

அடுத்த முயற்சி 2012-இல் நடந்த உலகத் தொடர் ஹாக்கி. எட்டு அணிகள் பங்கேற்ற இதில் சென்னையின் அணி சென்னை சீட்டாஸ். பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஏற்பு பெறாத தொடர் என்பதால், இதில் ஆட ஒப்புக்கொள்வது இந்திய அணியில் இடம்பெறும் வாய்ப்பைப் பணயம் வைப்பதாக இருந்தது. எனவே ஓய்வு பெற்றவர்களும், தேர்வாளர்களின் பார்வையிலிருந்து விலகியவர்களும், அப்பார்வைக்கு ஒருபோதும் வராத உள்ளூர் வீரர்களும் இதில் மிகுதியாக ஆடினர். தன்ராஜ் பிள்ளை தமது 43-ஆம் வயதில் கர்நாடகா லயன்ஸ் அணிக்காகக் களமிறங்கியது இத்தொடரில்தான். சென்னையின் ஆட்டங்கள் எழும்பூரில் நடைபெற்றதால் ரசிகர்கள் தங்கள் தொழில்முறை அணியை நேரில் கண்டனர். ஏப்ரல் தொடக்கத்தில் மும்பையில் நடந்த இறுதியில் செர்-இ-பஞ்சாப் அணி புனே அணியை 5-2 என வென்றது. இரண்டாம் பருவம் நடைபெறவேயில்லை.

ஒரு மாதம் மட்டுமே வாழ்ந்த அணி சென்னை சீட்டாஸ். அதன் சட்டை அணிந்த உள்ளூர் இளைஞர்களைத் தேடினால் கிடைப்பவை சிதறிய சில நாளிதழ்ச் செய்திகளே. ஆனால் அன்று மாடத்தில் அமர்ந்திருந்தவர்களிடம் கேட்டால் சட்டை எண்ணோடு பெயரைச் சொல்லக்கூடியவர்கள் இருப்பர்.

தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களுள் ஆடம் சின்கிளேர் இந்தக் காலக்கட்டத்தின் அடையாளமாக நினைவுகூரப்படுகிறார். கோயம்புத்தூரில் பிறந்த இவர் 2004 ஏதென்சு ஒலிம்பிக்கில் இருபது வயதில் ஆடிய முன்கள வீரர். பிறந்த நாள் 1984 பிப்ரவரி 29. உலகத் தொடர் ஹாக்கி தொடங்கியதும் ஒரு பிப்ரவரி 29 அன்றுதான். வீரர்களின் ஆட்டத்தைவிட இத்தகைய பொருத்தங்களையே ரசிகர்கள் நீண்டநாள் நினைவில் வைத்திருப்பது ஒரு வேடிக்கை. ஏதென்சுக்குப் பின் தமிழ்நாட்டிலிருந்து எவரும் ஒலிம்பிக் அணியில் நீண்டகாலம் இடம்பெறவில்லை.

2013-இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017 வரை நடந்த பருவங்களில் சென்னைக்கு அணியே இல்லை. 2024 டிசம்பரில் அத்தொடர் மீண்டும் தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் என்னும் அணி இடம்பெற்றது. அப்பருவத்தின் ஆடவர் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒடிசாவின் ரூர்கேலாவில் நடைபெற்றன. 2005-இல் ஐதராபாத்தில் நிகழ்ந்ததைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது.

ரசிகர் நினைவு செயல்படும் முறை

பனி ஹாக்கி செழித்துள்ள கனடாவிலும் அமெரிக்காவிலும், மறந்துபோன பழைய வீரர்களின் பெயர்களை ஒருவர் சொல்ல மற்றவர் தொடர்வது ரசிகர்களின் பழக்கமான பொழுதுபோக்காகும். அங்கு அதற்குப் பின்னால் உறுதியான பதிவேடு இருக்கிறது. 1917-இல் தோன்றிய தேசிய ஹாக்கி லீக் தன் ஆட்டங்களின் கணக்கைக் காத்துவருகிறது. 2020 பிப்ரவரி 22 அன்று டொராண்டோவில் நடந்த ஆட்டத்தில் கரோலினா அணியின் இரண்டு காப்பாளர்களும் காயமுற்றனர். அவசரக் காப்பாளராக இறங்கிய 42 வயது டேவிட் ஆயர்ஸ், பனித்தளத்தைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டிய அனுபவம் உடையவர். எட்டு அடிகளைத் தடுத்தார்; அவரது அணி 6-3 என வென்றது. அந்த ஓர் இரவு மட்டுமே ஆடியவருடைய எட்டுத் தடுப்புகளும் இன்று எண்ணிக்கையோடு கிடைக்கின்றன. மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற பிரான்சிஸ் எத்தனை அடிகளைத் தடுத்தார் என்பதற்கு அத்தகைய கணக்கு ஏதும் இல்லை.

ஆகவே சென்னையில் ரசிகரின் நினைவு பொழுதுபோக்கு என்பதைத் தாண்டி, பதிவேட்டின் வேலையையும் செய்ய வேண்டியதாகிறது. முருகப்பா தங்கக் கோப்பைப் போட்டி போன்ற அகில இந்தியப் போட்டிகள் எழும்பூரில் நடைபெறும் நாட்களே இந்நினைவு புதுப்பிக்கப்படும் நாட்களாகும். இந்திய இரயில்வே, இந்தியன் ஆயில், ஏர் இந்தியா முதலிய அணிகள் ஆடும் மாலைகளில் மாடத்தில் அமரும் முதியவர்கள், களத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே அவரைப்போல் ஆடிய முந்தைய ஒருவரை ஒப்பிடுவர். பெனால்டி கார்னரில் பந்தைத் தள்ளிவிடும் முறை, காப்பாளர் காலை நீட்டும் விதம், ஓடும்போது தடியைப் பிடிக்கும் வாகு ஆகியவையே அடையாளங்கள். பெயர் பிறகுதான் வரும்.

இத்தகைய நினைவுக்குக் குறைகளும் உண்டு. ஆண்டுகள் மாறிப்போகும், இரண்டு ஆட்டங்கள் ஒன்றாகிவிடும், விருப்பமான வீரரின் கோல்கள் கூடிக்கொண்டே போகும். எழும்பூர் அரங்கம் 1996-இலும் 2005-இலும் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியையும், 2007-இல் ஆசியக் கோப்பையையும், 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையையும் கண்டது. 1996-இல் கோப்பையை வென்றது நெதர்லாந்து, 2005-இல் ஆசுத்திரேலியா. 2007 இறுதியில் இந்தியா தென்கொரியாவை 7-2 என்றும், 2023 இறுதியில் மலேசியாவை 4-3 என்றும் வென்றது. ரசிகர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி எந்த ஆண்டுக்குரியது என்பதைச் சரிபார்க்க இந்த நான்கு போட்டிகளும் எல்லைக்கற்கள் போல் பயன்படுகின்றன.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

தொழில்முறை அணி தலைநகரின் பெயரில் இருந்தாலும் அதன் ரசிகர்கள் தலைநகரில் மட்டும் இருக்கவில்லை. விழுப்புரம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெரிய இரயில் சந்திப்பு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஏறி எழும்பூரில் இறங்குபவருக்கு மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பிற்பகல் ஆட்டத்தைக் கண்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால், நகரின் மறுகோடியில் வாழ்ந்த சென்னைவாசியைவிட இவ்வூர்க்காரருக்கு அரங்கம் அருகில் இருந்தது என்றே சொல்லலாம்.

மாவட்ட அளவில் ஆடியவர்களைத் தேடுவதில் இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இது நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தது. 1993-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டமானது. 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. பள்ளி, கல்லூரி, மாவட்ட அணிகளே மாநிலத் தேர்வுக்கான படிகள் என்பதால், வீரரின் பெயருக்கு எதிரே மாவட்டத்தின் பெயர்தான் எழுதப்பட்டது. 1980-களில் தென்னார்க்காடு அணிக்கு ஆடிய ஒருவர் விழுப்புரத்துக்காரரா, கடலூர்க்காரரா, கள்ளக்குறிச்சிக்காரரா என்பதை அந்தச் சொல் கூறாது. அவருடன் ஆடியவரோ, அவர் படித்த பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரோ சொன்னால்தான் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு பழைய வீரர் பட்டியல் தயாரிக்க முனைவோர் முதலில் செய்ய வேண்டியது அத்தகைய ஆசிரியர்களைக் கண்டு, அணி ஒளிப்படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதி வாங்குவதாகும். ஒளிப்படம் பல பள்ளிகளில் கிடைக்கும். அதில் நிற்பவர்களின் பெயர்கள் கிடைப்பதுதான் அரிது.

2022-க்குப் பின்

2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வமும், கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் இடம்பெற்றனர். தமிழ்நாட்டு வீரர்கள் மூத்தோர் அணியில் இடம்பெறுவது பல ஆண்டுகளுக்குப் பின் அப்போதுதான் நிகழ்ந்தது. பாக்கித்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அந்த அணி வெண்கலம் வென்றது. லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டியால் அறியப்பட்ட கோவில்பட்டி, நெடுங்காலமாகவே இவ்விளையாட்டின் ஊர் என்று பெயர் பெற்றிருந்தது.

2023 ஆகஸ்டில் எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியில் கார்த்தி ஆடியபோது, தமிழ்நாட்டு வீரர் ஒருவர் சொந்த மாநிலத்து அரங்கில் இந்தியாவின் சட்டையுடன் ஆடுவதைப் புதிய தலைமுறை ரசிகர்கள் முதன்முறையாகக் கண்டனர். அவர் சட்டையின் முதுகில் இருந்த பெயரை உரக்கக் கூவிய அதே மாடத்தில், ரியாஸும் திருமால்வளவனும் ஆடிய நாட்களைக் கண்டவர்களும் அமர்ந்திருந்தனர்.